கடுகும் எட்டு இட்லியும்

அன்று காலை மடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். குரு பூங்கோதை அம்மாள், வயது முப்பத்தாறு. சீடர் சிற்றம்பலம், வயது அறுபத்தொன்று, நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமையலுக்கு மரகதம். பூனையையும் சேர்த்தால் நான்கு.

சிற்றம்பலம் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

"தியானத்துக்குச் சுவரில் மைப்பொட்டு வைத்துப் பார்க்கிறேன் அம்மா. கண் நிற்க மாட்டேன் என்கிறது. மயிரிழை நகர்கிறது, திரும்புகிறது. அது நிற்கும்வரை எனக்கு வெறும் தண்ணீர்தான்."

"சொன்னால் கேட்கிற மனுஷனா?" என்றாள் மரகதம். "நேற்று இவர் பங்கு பூனைக்குப் போச்சு."

"முப்பது வருஷம் அளவுக் கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்தவன் அம்மா நான். அப்போதெல்லாம் நின்ற கண்."

"நின்றதா?"

"நின்றது என்றுதான் நினைத்தேன்."

குரு மரகதத்தின் பக்கம் திரும்பினார். "இட்லி இறக்கியாச்சா?"

வந்தது. வெள்ளைத் துணி, அதன்மேல் வெள்ளை இட்லி, வட்டமாக எட்டு. ஆவி அடங்கட்டும் என்று காத்திருந்து, குரு நட்டநடுவில் ஒரு கடுகை வைத்தார்.

"கடுகை மட்டும் பாருங்கள் ஐயா. உங்கள் வழக்கப்படி ஒற்றைக் கண்ணால்."

சிற்றம்பலம் குனிந்தார். இடது கண்ணை மூடினார்.

மரகதமும் எட்டிப் பார்த்தாள்.

"நிற்கிறது," என்றார் மெல்ல. "அம்மா, கண் நிற்கிறது!"

"கடுகை விடாதீர்கள். இட்லி எத்தனை?"

"எட்டு. இருங்கள்... ஆறு. மூன்று. ஒன்றுமே இல்லை. வெறும் துணி!"

"நினைத்தது நடந்துவிட்டதே. சாப்பிடுங்கள்."

"எதை?"

கேட்ட மாத்திரத்தில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் ஒரு துளி ஆடியது. எட்டும் ஒன்றாக வந்து நின்றன.

"வந்துவிட்டன!"

"யார் கொண்டுவந்தது?"

சிற்றம்பலம் மரகதத்தைப் பார்த்தார்.

"நான் தொடவே இல்லை அண்ணே!"

அவர் மூடியிருந்த இடது இமையின்மேல் விரலை வைத்தார். உள்ளே விழி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பூனை பயந்து வாசலுக்கு ஓடியது.

"மரகதம், சட்னி எங்கே?"

குருவுக்கு இரண்டு. மரகதத்துக்கு ஒன்று. சிற்றம்பலத்துக்கு ஐந்து. பூனைக்கு இன்று இல்லை.

துணியில் மிஞ்சியது கடுகு ஒன்று.