பதினோரு டிஷ்யூ

"சூசை ரூம்ல எல்லாரும் அழறாங்க மேடம். என் ரூம்ல ஒருத்தரும் அழறதில்லை."

மனநல ஆலோசகர் நப்பின்னையிடம் வரதராசன் இப்படித்தான் ஆரம்பித்தார். வரதராசன் கல்லூரியில் பௌத்தத் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றபின், அவரிடம் ஆலோசகர் பயிற்சிக்குச் சேர்ந்தவர். நப்பின்னை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். சூசை வரதராசனுடன் பயில்பவர்.

"எப்படித் தெரியும் சார்?"

"சாயங்காலம் அவன் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்ப்பேன்."

நப்பின்னை சிரிக்கவில்லை.

"மேகலை ஆறு வாரம் என்கிட்ட ஆலோசனைக்கு வந்தா. வெயிலைப் பத்தித்தான் பேசினா. அவன்கிட்ட மாறின முதல் நாளே பதினோரு டிஷ்யூ."

"எண்ணினீங்களா?"

"ரெண்டு தடவை."

வரதராசன் மேசைமேல் ஓர் உறையை வைத்தார். விலகல் கடிதம். ஒரே பக்கம், அடிக்குறிப்புகள் மூன்று.

"மேகலை உங்ககிட்ட கண் கலங்கினதே இல்லையா?"

"நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் உடனே டிஷ்யூ பெட்டியை அவ பக்கம் தள்ளினேன். கருணைன்னா அதுதானே?"

"அப்புறம்?"

"தொடைச்சுக்கிட்டு, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தின்னு சொல்லுவா."



"இப்ப உங்களுக்கு என்ன செய்யுது?"

"பொறாமை. பாலி மொழியில இஸ்ஸா. அபிதம்ம நூல் அதை மனசைக் கட்டுற தளைகள்ல ஒண்ணா வைக்குது. அதாவது..."

"பாலியில வேண்டாம் சார். உங்க உடம்புல எங்க இருக்கு?"

வரதராசன் யோசித்தார். தொண்டையைத் தொட்டார்.

"அவ என்கிட்ட..."

அதற்குமேல் வரவில்லை. கண் நிறைந்தது.

டிஷ்யூ பெட்டி நப்பின்னையின் கையருகில் இருந்தது. வரதராசன் அதைப் பார்த்தார். நப்பின்னை அவரைப் பார்த்தார். பெட்டி நகரவில்லை.

வரதராசன் சட்டைப்பையைத் துழாவினார். கைக்குட்டை இல்லை. பிறகு துழாவுவதையும் விட்டுவிட்டார். தோள் குலுங்கியது. மூக்கு ஒழுகியது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட அழுதிருக்கலாம் மேடம்," என்றார் ஒருவழியாக. "நான்தான் விடலை."

உறையைப் பிரித்தார். கடிதத்தை எடுத்தார். அதில் மூக்கைச் சிந்தினார். அடிக்குறிப்புகள் வரை நனைந்தன.

கசங்கிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுற்றுமுற்றும் தேடினார்.

"தொட்டி மேசைக்கு அடியில இருக்கு சார்," என்றார் நப்பின்னை. "நான் எட்டிப் பார்க்க மாட்டேன்."