ராஜாவைக் கரையேற்றிய களைக்கயிறு

முன்னொரு காலத்தில் செம்பாற்று நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தால் சிரிப்பார், நினைத்தால் சீறுவார். அவருடைய அவையில் இருந்த சிங்காரப் பண்டிதர், கடல் கடந்துபோய் ஊதாப் பூ பூக்கும் ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டார். ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. "இந்தச் செடியைத் தொட்டவன் தலை போகும்!" என்று ஆணையிட்டார்.

இரண்டே வருஷம். செடி படர்ந்து மூடியதில் ஆறு இருந்த இடம் தெரியவில்லை. ஓடம் நகரவில்லை, மீன் செத்தது.

ஓடக்காரி தில்லைக்கண்ணு பொறுத்துப் பார்த்துவிட்டு, துணிந்து செடியை இழுத்துப்போட்டாள். தண்டைக் காயவைத்துக் கூடையும் கயிறும் பின்னினாள். வேரை மட்கவைத்துப் பூசணிக்கு உரமாக்கினாள். பட்டினி கிடந்த ஓடக்காரக் குடும்பங்கள் அவளோடு சேர்ந்து பிழைத்தன.

பண்டிதருக்கு வயிறு எரிந்தது. ராஜாவைக் கரைக்கே கூட்டிவந்துவிட்டார்.

"என் செடியைத் தொட்டாயா?" என்று சீறினார் ராஜா.

"தொட்டேன் மகாராஜா. ஆற்றைக் காணோம், தேடினேன்."

"ஆறு எங்கே போகும்? கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறதே!" என்றார் பண்டிதர்.

"அப்படியா சாமி? அந்தக் கம்பளத்தில் நாலடி நடந்து ஒரு பூப் பறித்து வாருங்களேன்."

பண்டிதர் இரண்டடி பின்வாங்கினார். "நானே பறிக்கிறேன்!" என்று ராஜா குதூகலமாகக் காலை வைத்தார்.

"ஐயோ மகாராஜா, வேண்டாம்!"

தொபுக்கடீர்! பச்சை திரும்ப மூடிக்கொண்டது. பூக்களின்மேல் கிரீடம் மட்டும் உட்கார்ந்திருந்தது. இலைகளுக்கு நடுவே ஒரு கை மேலே வந்தது. தில்லைக்கண்ணு கயிற்றை வீசினாள். ஓடக்காரப் பெண்கள் சேர்ந்து இழுத்தார்கள். வேர்கள் தாடியாய்த் தொங்க, ராஜா கரையில் வந்து விழுந்தார்.

"இது... இது என்ன கயிறு?"

"தொடக்கூடாது என்றீர்களே, அந்தச் செடிதான்."



"ஆணையை மீறியதற்கு இந்தக் கயிறே சாட்சி! வெட்டுங்கள் தலையை!" என்று கூவினார் பண்டிதர்.

"நானும்தான் தொட்டேன், பண்டிதரே. முதலில் யார் தலை?" என்றார் ராஜா.



ஆணை அங்கேயே ரத்தானது. ஆற்றுச் செடி முழுவதும் தில்லைக்கண்ணுவுக்கு. காயவைக்க அரண்மனை முற்றமும் அவளுக்கே.

"பண்டிதர் இவளிடம் கயிறு திரிக்கப் பழகட்டும். அவர் திரிக்கும் முதல் கயிற்றை அவர் இடுப்பிலேயே கட்டி ஆற்றில் இறக்கிப் பார்ப்போம்!" என்றார் ராஜா.

அந்த ஒரு கயிற்றைத் திரிக்கப் பண்டிதருக்கு ஆறு மாதம் ஆயிற்று. அதைக் கட்டி யானையே இழுத்தும் அறவில்லையாம்.