ஊர்வலம் முடிந்துதான் சோறு

எந்தக் காலத்துக் கதை என்று கேட்காதீர்கள். ராஜாவும் இருந்தார், அவர் நாட்டில் கைபேசியும் இருந்தது. அவ்வளவுதான்.

ராஜாவின் பெயர் இராசகம்பீரன். அவர் நாட்டில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இன்று யார், எந்நேரம் மடை திறக்கலாம் என்று அரண்மனைச் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் தவறினால் முறை அடுத்த வயலுக்குப் போய்விடும். அணையின் நீர்மட்டமும் அதில்தான் தெரியும்.

ஒருநாள் பேச்சாயி என்ற விவசாயி கைபேசியோடு சபைக்கு வந்து நின்றாள்.

“மகராசா, செயலியைத் தொறந்தா சக்கரம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. அது நிக்கிறதுக்குள்ள என் முறை போயிருச்சு. இன்னொரு முறை போனா நெல்லு கருகிடும்.”

செயலியைச் செய்தவர் பிரதானி விழுப்பரையர். மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

“அரசே, முதலில் தங்கள் பட்டாபிஷேக ஊர்வலம், யானைகள், பட்டப்பெயர்கள், வருஷத்துத் திருவிழா எல்லாம் வந்து இறங்கும். பிறகுதான் பக்கம் திறக்கும். அரைகுறையாக வந்தால் அரசருக்கு அழகா?”

“அப்போ அணையில தண்ணி ஒரு விரக்கடை ஏறினா?” என்றாள் பேச்சாயி.

“ஊர்வலத்திலிருந்து மறுபடி எல்லாம் புதிதாக வரும்!”

சபையில் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் மாசாத்தன். அரசவை விகடன், செயலி எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்டும் தெரிந்தவன்.

“அரசே, கேட்டது தண்ணீர் முறை. அதை முதலில் கொடுப்போம். மற்றவை தொட்டால் வரட்டும். அணையின் நீர்மட்டம் மாறினால் அந்த எண்ணை மட்டும் மாற்றலாம். செயலியைக் கட்ட நாம் வைத்திருக்கும் ஃபிரேம்வொர்க்குக்கு அது நன்றாகவே தெரியும். பிரதானியார்தான் விடவில்லை.”

“கேட்டீர்களா அரசே? உங்களைப் பின்னால் தள்ளப் பார்க்கிறான்!” என்றார் விழுப்பரையர்.

ராஜாவின் முகம் சிவந்தது. “கொஞ்சம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? காத்திருப்பது கஷ்டம் என்று நாளைக்குள் எனக்குக் காட்டு. இல்லையென்றால் நீ நாட்டை விட்டுக் கிளம்பு. இந்த அம்மாளின் வழக்கும் தள்ளுபடி.”

காத்திருக்க வைப்பவனுக்கு அது எப்போதும் கொஞ்சம்தான். மாசாத்தன் கும்பிட்டான். “சரி அரசே. நாளை மதிய விருந்தை மட்டும் என்னிடம் விடுங்கள்.”

மறுநாள் ராஜா பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்தில் விழுப்பரையர். கூடத்து ஓரமாகப் பேச்சாயி. இலை வரவில்லை. நாகஸ்வரம் வந்தது. யானைகள் ஒவ்வொன்றாகக் கூடத்தைக் கடந்தன. ஒருவர் பட்டப்பெயர்களை நீட்டி முழக்கினார்.

“சோறு எங்கேடா?”

“வடித்து வைத்தாயிற்று அரசே. தீபாவளி அதிரசம் இன்னும் எண்ணெயில் இருக்கிறது. பொங்கல் கரும்பு வண்டியில் வருகிறது. எல்லாம் ஒன்றாகத்தான் வரும். அரைகுறையாக வந்தால் அரசருக்கு அழகா?”

ராஜாவின் வயிறு நாகஸ்வரத்துக்குச் சுதி சேர்த்தது. வெகுநேரம் கழித்து இலை விழுந்தது. ஆசையோடு ரசத்தில் கை வைத்தார். ஒரு சொட்டு சால்வையில் தெறித்தது.

அவ்வளவுதான். சேவகர்கள் பாய்ந்தார்கள். இலையை எடுத்தார்கள். கிரீடத்தைக் கழற்றினார்கள். புதுப்பட்டு உடுத்திவிட்டார்கள். வாசலில் நாகஸ்வரம் மறுபடி தொடங்கியது.

“நிறுத்துங்களடா!” ராஜா அலறினார். “முதலில் சோற்றைப் போடு! மற்றதெல்லாம் நான் கேட்கும்போது வரட்டும்! சிந்தின இடத்தை மட்டும் துடைத்தால் போதாதா?”

மாசாத்தன் மடிக்கணினியை எடுத்தான். “போதும் அரசே. இதே உத்தரவைத்தான் செயலிக்கும் எழுதி வைத்திருக்கிறேன். போட்டுவிடட்டுமா?”

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு கூடம் அதிரச் சிரித்தார். “போடு! இந்த அம்மாளுக்கு இன்றே விட்ட முறையைக் கொடு!”

பேச்சாயி கைபேசியைத் தொட்டாள். தொட்டதும் திறந்தது. “ஆத்தாடி, என் முறை இப்பவேல்ல!” என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மடைக்கு ஓடினாள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மாசாத்தன் கழுத்தில் போட்டார். அவர் இலைச் சோற்றில் ஆவி பறந்தது. பக்கத்து இலை வெறுமையாகவே கிடந்தது.

“மாசாத்தா… எனக்கு?” என்றார் விழுப்பரையர், மெல்ல.

“உங்களுக்குப் பழைய செயலிதான் ஐயா. முதல் யானை இப்போதுதான் கோட்டை வாசலில் நுழைகிறது.”