கிழங்கில்லாத உருளைக்கிழங்குக் கறி

முன்னொரு காலத்தில், உருளைக்கிழங்கு கப்பலேறி வந்து நம் பக்கத்து அடுப்புகளில் இடம் பிடித்துச் சில வருஷங்களே ஆகியிருந்த சமயம், ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். எனக்குக் கதை சொன்னவரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ராஜா நல்லவர். ஆனால் ஒரு நினைப்பு மண்டைக்குள் புகுந்துவிட்டால் அதைக் கீழே இறக்கி வைக்கத் தெரியாதவர்.

ஒருநாள் சபை நடந்துகொண்டிருந்தபோது வாசலில் இரண்டு காவலர்கள் சண்டை போடும் சத்தம் கேட்டது. உள்ளே அழைத்து விசாரித்தால், சண்டை உருளைக்கிழங்கைப் பற்றியது. மெல்லிசாக வட்டம் வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள் பிசறி, மொறுமொறுவென்று வறுப்பதுதான் கிழங்குக்கு மரியாதை என்றான் ஒருவன். வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம் தாளித்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மசியலுக்கு முன்னால் வறுவலெல்லாம் சுள்ளி என்றான் மற்றவன்.

ராஜா சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். சபையில் இருந்தவர்கள் விடவில்லை. தளபதி, சுடுசாம்பலில் புதைத்துச் சுட்டு உப்புத் தொட்டுத் தின்ன வேண்டும் என்றார். புரோகிதர், தேங்காய்ப்பால் விட்டுத் தளதளவென்று இறக்க வேண்டும் என்றார். கணக்குப்பிள்ளை ஒருவர், கோலிக்குண்டு அளவுக் கிழங்கைத் தோலோடு பூண்டு மிளகில் பிரட்டுவதைக் கையாலேயே பிரட்டிக் காட்டினார். ஒருவர்கூட "நன்றாக இருக்கும்" என்பதோடு நிறுத்தவில்லை. "எங்கள் வீட்டில்" என்றுதான் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். ஆரம்பிக்கும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

ராஜா அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவர்கள் சொன்ன எல்லாவற்றையும் அவரும் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் எதை நினைத்தும் அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை. நினைப்பு மண்டைக்குள் புகுந்துவிட்டது.

மடைப்பள்ளிச் சமையற்காரன் அம்பலவாணனுக்கு அன்று பிடித்தது சனி. நாற்பது நாள், நாற்பது விதமாக உருளைக்கிழங்கு சமைத்தான். ராஜா நாற்பது நாளும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நன்றாகத்தான் இருக்கிறது." 'தான்' என்று இழுத்துச் சொல்லும் பாராட்டு, பாராட்டே இல்லை என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும்.

நாற்பத்தோராம் நாள், உக்கிராண அதிகாரி திருமேனிநாதர் எழுந்தார். அரண்மனைச் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பானவர் அவர். அவருடைய மைத்துனன் ஒருவன் சமையல் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வெகுநாளாக வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

"மகாராஜா, குறை கிழங்கில் இல்லை, கையில் இருக்கிறது. இவனை அனுப்பிவிட்டு வேறு ஆளை நியமித்தால் ருசி தானாக வரும்" என்றார்.

அம்பலவாணன் தூண் ஓரமாக நின்றிருந்தான். வேலை போனால் மடைப்பள்ளிக்குப் பின்னால் இருந்த வீடும் போகும். அவன் மனைவி இடுப்பு ஒடிந்து நான்கு மாதமாக எழுந்து நடக்க முடியாமல் அந்த வீட்டில்தான் படுத்திருந்தாள்.

"சாமி, நான் இறக்குறப்ப நல்லாத்தான் இருக்கு. இங்க வந்து சேர்றதுக்குள்ள என்னமோ ஆயிடுது" என்றான்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றார் திருமேனிநாதர். சபை சிரித்தது.

சிரிக்காதவன் ஒருவன்தான். சிரிப்பு மூட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன், விகடன் செவந்தியப்பன். அவன் எழுந்து வணங்கினான்.

"மகாராஜா, அம்பலவாணன் கையில் குறை இல்லை. தாங்கள் தேடும் ருசி வேறெங்கோ இருக்கிறது. அடியேன் அதைத் தேடித் தருகிறேன்."

திருமேனிநாதருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. செவந்தியப்பனால் பலமுறை சபையில் மூக்கறுபட்டவர் அவர். பணிவாகக் கைகட்டிக்கொண்டு சொன்னார்:

"மிக நல்லது. ஆனால் ஒரு சிறு விண்ணப்பம். வட்டமாக வறுத்தால் மசியல்காரர் ஒப்பமாட்டார், மசித்தால் வறுவல்காரர் ஒப்பமாட்டார். சண்டையே கிழங்குத் துண்டில்தான் இருக்கிறது. ஆகையால் விகடர் கொண்டுவரும் உருளைக்கிழங்குக் கறியில் நகக்கண் அளவுகூடக் கிழங்கு இருக்கக் கூடாது. அதைப் பார்த்து, 'எங்கள் வீட்டிலும் இதுதான்' என்று இந்தச் சபையில் எல்லாரும் ஒப்பவும் வேண்டும்."

புதிர் என்றால் ராஜாவுக்கு வெல்லம். "சரி, மூன்று நாள் தருகிறோம். அவர்கள் வீட்டில் ருசிப்பது எனக்கும் ருசிக்க வேண்டும். தவறினால் அம்பலவாணனோடு நீரும் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டியதுதான்" என்றார்.

செவந்தியப்பன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி சீனியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஓடுற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு வந்திருக்கீகளே. கெழங்கு இல்லாம கெழங்குக் கறியா? மாடு இல்லாமப் பாலு கறக்கச் சொன்னா அதுக்கும் செம்பத் தூக்கிட்டுப் போவீகளா?"

"அம்பலவாணன் முகத்தப் பாத்திருந்தா நீயும் எந்திரிச்சிருப்ப" என்றான் செவந்தியப்பன்.

இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விகடம் என்பது பிறர் மாட்டிக்கொள்ளும்போது சுலபமாக வரும். தனக்கென்று வரும்போது, நாட்டிலேயே கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கும் மூளை கல்லாகத்தான் கிடக்கும். அம்பலவாணனுடைய மனைவியைக் கட்டிலோடு எந்த ஊருக்குத் தூக்கிப் போவது என்பதே அவன் கண்முன் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சீனியம்மாள் உருளைக்கிழங்கு வறுவல் செய்திருந்தாள். அவன் தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்தான். கைகழுவிவிட்டு வந்தபோது அவள் அடுக்களையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வறுவலை வழித்தெடுத்த இருப்புச்சட்டியில் இரண்டு கை சோற்றைப் போட்டுச் சட்டுவத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிரட்டிக்கொண்டிருந்தாள். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த காந்தலும், உப்பும் காரமும் இறங்கிய எண்ணெயும் சோற்றில் ஏறி, சோறு செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது.

இரண்டு நாளாகப் பசிக்காதவனுக்கு வாயில் நீர் ஊறியது. கை தானாகச் சட்டிக்குள் போனது.

"தட்டுல வச்சது எறங்கல, சட்டியில இருக்குறது மட்டும் எறங்குமோ?" என்று சீனியம்மாள் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

செவந்தியப்பன் சட்டியைப் பார்த்தான். நகக்கண் அளவுகூட அதில் கிழங்கு இல்லை. அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் சபை நடுவில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டப்பட்டது. செவந்தியப்பன் சொன்னபடி அம்பலவாணன் மடைப்பள்ளியின் பழைய இருப்புச்சட்டியைக் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்க உருளைக்கிழங்கை வறுத்தான். பதம் தவறவில்லை. பொன்னிறமாக வந்ததும் அத்தனையையும் வெள்ளித் தாம்பாளத்தில் கொட்டினான்.

"இதில் கிழங்கு இருக்கிறதே" என்று திருமேனிநாதர் புன்னகை செய்தார்.

"இருக்கிறது, அதனால்தான் அது வெளியே போகிறது" என்ற செவந்தியப்பன், தாம்பாளத்தை வாசற்காவலர்களிடம் கொடுத்தனுப்பினான். "இப்போது சட்டியைப் பாருங்கள் ஐயா. அடியேன் சொன்னால் நம்பமாட்டீர்கள். தாங்களே சோதித்துச் சொல்லுங்கள்."

திருமேனிநாதர் குனிந்து பார்த்தார். சட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நம்பிக்கையில்லாமல் ஆள்காட்டி விரலை அடிவரை ஓட்டிப் பார்த்தார். ஒரு துண்டும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாத அந்த விரல் என்ன செய்தது தெரியுமா? நேராக அவருடைய வாய்க்குள் போனது. போனது அவருக்கே தெரியாது. சபை கொல்லென்று சிரித்தபோதுதான் தெரிந்தது.

அதற்குள் அம்பலவாணன் சட்டியில் சூடான சோற்றைப் போட்டுப் பிரட்டிவிட்டான். அந்த வாசனை எழுந்ததும் சிரிப்பு தானாக அடங்கியது.

"எங்கள் வீட்டிலும் இது உண்டு" என்றார் தளபதி மெதுவாக. சாம்பலில் சுட்டுத் தின்பதைப் பற்றி அத்தனை பேசியவர் அவர். "எங்கள் வீட்டிலும்" என்றார் புரோகிதர். நறுக்குகிற விதத்திலும் வேகவைக்கிற விதத்திலும் ஆயிரம் பேதம் சொன்னவர்கள், சட்டி விஷயத்தில் ஒரே வார்த்தையாக இருந்தார்கள்.

திருமேனிநாதருக்கு விரல் தந்த அவமானம் ஆறவில்லை. "மகாராஜா, அப்படியானால் ஒன்று விசாரிக்க வேண்டும். அரண்மனைச் சட்டியில் உள்ளது அரண்மனைப் பொருள். இத்தனை வருஷமாக அதை வழித்துத் தின்றது யார்?" என்றார்.

சபை முழுவதும் அம்பலவாணனைப் பார்த்தது.

"நாந்தான் சாமி" என்றான் அவன். "கழுவி ஊத்த மனசு வராது. பாதிய நான் தின்னுட்டு, பாதிய வீட்டுக்காரிக்கு எடுத்துட்டுப் போவேன். படுத்த படுக்கையா இருக்குறவ, அது ஒண்ணத்தான் கேட்டு வாங்கித் திங்கிறா."

ராஜா திருமேனிநாதரைப் பார்த்துக் கேட்டார். "உம் வீட்டில் சட்டியை யார் வழிப்பார்கள்?"

திருமேனிநாதர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். "நாங்கள் ஏழு பேர் அண்ணன் தம்பிகள், மகாராஜா. சண்டை தாங்காமல் அம்மா கிழமைக்கு ஒருவர் என்று பிரித்துவிட்டார்கள். எனக்கு வியாழக்கிழமை" என்றார்.

"அது திருட்டா?"

"இல்லை, மகாராஜா." அவர் குரல் இறங்கியிருந்தது.

ராஜா சட்டியைத் தன் முன்னால் வைக்கச் சொல்லி, ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு கவளம் சாப்பிட்டார்.

"நன்றாக..." என்று ஆரம்பித்து ராஜா நிறுத்தினார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "நாற்பது நாள் சாப்பிட்டதைவிட இது மேல். ஆனால் இவர்கள் முகத்தில் கண்டது எனக்குள் இன்னும் வரவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது, செவந்தியப்பா."

அம்பலவாணன் செவந்தியப்பனைத் திரும்பிப் பார்த்தான். செவந்தியப்பன் அதைத்தான் எதிர்பார்த்தவன்போலத் தலையசைத்தான்.

"குறைவது உண்மை, மகாராஜா. இந்தக் கறிக்குக் கடைசியாக ஒரு சாமான் சேர்க்க வேண்டும். அது மடைப்பள்ளியிலும் இல்லை, உக்கிராணத்திலும் இல்லை. அடியேன் கையில் இருக்கிறது. இந்தக் கைக்குத் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன்."

"கொடுத்தோம்."

ராஜா அடுத்த கவளத்தை உருட்டினார். அடியில் கிடந்த காந்தலாகப் பார்த்துத் திரட்டி உருட்டிய, நல்ல கவளம். வாய்க்கருகே கொண்டுபோகும் சமயம், செவந்தியப்பன் கையை நீட்டி அதை அவர் விரல்களுக்கிடையிலிருந்து பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டான். போட்டதோடு நிற்கவில்லை. சட்டிக்குள்ளும் கையை விட்டான்.

காவலர்கள் வாளில் கை வைத்தார்கள். ராஜா அவர்களைப் பார்க்கவே இல்லை. பிறந்த நாளிலிருந்து அவர் கையிலிருந்து எவரும் எதையும் பிடுங்கியதில்லை. அண்ணன் இல்லை, தம்பி இல்லை, பிடுங்கத் துணிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் சட்டென்று சட்டியை இரண்டு கையாலும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, "விடய்யா, நான் இன்னும் முடிக்கவில்லை" என்று கத்தினார். வெண்பட்டு முழுவதும் எண்ணெய்க் கரி அப்பியது. அப்படியே சட்டியைச் சாய்த்து, மிச்சமிருந்ததை அள்ளி அள்ளி வாயில் அடைத்துக்கொண்டார்.

அடைத்துக்கொண்ட பிறகு நிமிர்ந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன, மீசையில் சோறு ஒட்டியிருந்தது. சபையைப் பார்த்தார், தன் கோலத்தைப் பார்த்தார். பிறகு புரையேறும்படி சிரித்தார்.

சிரித்து ஓய்ந்து, தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்துச் செவந்தியப்பனுக்குப் போர்த்தினார். "உமது கைக்குத் தண்டனை கிடையாது. ஆனால் அந்தக் கவளம் என்னுடையது. அதை நான் மறக்கமாட்டேன்" என்றார்.

பிறகு காலிச் சட்டியை அம்பலவாணனிடம் தானே நீட்டினார். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் காந்தவிடு. உன் வீட்டுக்காரிக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டுக் கொண்டுவா."

ராஜா அதற்கு மேலும் என்னவெல்லாமோ சொன்னார். அம்பலவாணன் காதில் 'நாளைக்கு' என்றது ஒன்றுதான் விழுந்தது. சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மடைப்பள்ளிப் பக்கம் ஓடினான்.