பாட்டுப் பெட்டிக்கு நல்லவெண்ணெய்

ஒரே ஒரு மெய்யெழுத்து ஒருவருடைய வேலைக்கு உலை வைக்குமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். பிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஊழியர் மன்றத்தைப் பதினோரு ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் அவர். மன்றத்துக்குப் பின்னாலேயே அவருக்கு ஓர் அறை. வேலை போனால் அறையும் போகும். வழக்கைச் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு உங்கள் பொறுப்பு.

மன்றக் கூடத்தில் ஒரு ஜூக் பாக்ஸ் உண்டு. அறுபது வயதைத் தாண்டிய இயந்திரம். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு கை நகர்ந்து போய், வரிசையாக நிற்கும் இசைத்தட்டுகளில் கேட்டதை மட்டும் உருவிச் சுழல விடும். பாட்டு முடிந்ததும் எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகும். மன்ற நூலகத்தில் புத்தகம் எடுக்கும் எவருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது.

ஆகஸ்டில் அதைச் சரிபார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் மயில்சாமி வந்தார். காய்ந்து பிசினாகிவிட்ட பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்தார். பற்சக்கரங்களுக்கு ஒரு டப்பாவிலிருந்து வெளிர்மஞ்சள் கிரீஸை விரலால் வழித்துப் பூசினார். பிலோமினா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மயில்சாமி, கை நகரும் தண்டில் மூன்று இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்தார்.

"பல்லுக்குப் போட்டது ரெண்டு வருசம் தாங்குமுங்க. இந்த மூணு புள்ளியில மட்டும் மாசம் ஒருக்கா போட்டுட்டு வாங்க" என்றார். எதைப் போடுவது என்று பிலோமினா கேட்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு தாளில் கிறுக்கிச் செயலாளர் மேசையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தாளில் இருந்தது இதுதான்: "சிவப்புப் புள்ளியில் மாதம் ஒரு முறை நல்ல எண்ணெய் கொஞ்சம் இடவும்."

செயலாளர் புலவர் இளவழுதி, எஸ்டேட் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சொற்கள் புணராமல் தனித்தனியே நின்றால் அவருக்குக் கை அரிக்கும். 'நல்ல' அகரத்தில் முடிகிறது. 'எண்ணெய்' எகரத்தில் தொடங்குகிறது. இரண்டு உயிர்கள் சந்தித்தால் நடுவில் 'வ்' வந்து உட்கார வேண்டும். விதி அது. புலவர் வாக்கியத்தைத் திருத்தி, அட்டையில் தம் கைப்பட எழுதி, பெட்டியின் பின்கதவில் ஒட்டினார்: "சிவப்புப் புள்ளியில் மாதம் ஒரு முறை நல்லவெண்ணெய் கொஞ்சம் இடவும்."

பிலோமினா படித்தார். நல்ல வெண்ணெய். டப்பாவில் பார்த்த மஞ்சள் நினைவுக்கு வந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நேரே செயலாளரிடம் போனார்.

"ஐயா, அட்டையில இருக்கிறதைத்தான் போடணுமா? மெஷினுக்கு ஆகுமா?"

புலவர் அன்றைய நாளிதழில் ஒற்றுப்பிழைகளுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்யம்மா. அதுல ஒரு தப்பு கண்டுபிடி, பார்ப்போம்!"

பிலோமினா பசு வளர்க்கும் வீடாகத் தேடிப்போய், உப்புப் போடாத புது வெண்ணெய் வாங்கி வந்தார். செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஒரு புள்ளியையும் விடவில்லை.

டிசம்பரில் மன்ற ஆண்டு விழா. நல்ல குளிர். உள்ளே வெண்ணெய் கல்லாக இறுகியிருந்தது. மேலாளரின் மனைவி பொத்தானை அழுத்தினார். கை பாதி வழி போய் நின்றது. மோட்டார் விடாமல் உறுமிச் சூடேறியது. சற்று நேரத்தில் கூடமெங்கும் நெய் காய்ச்சும் வாசனை. "பொங்கல் ரெடியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

மறுவாரம் மயில்சாமி வந்து பின்கதவைத் திறந்தார், முகர்ந்தார், நிமிர்ந்தார். "எந்த வெண்ணெய்ங்க இதுல வெண்ணெய் வெச்சது?"

செயற்குழு கூடியது. "நான் எண்ணெய்னுதானுங்க எழுதுனேன். தையல் மெசினுக்கு விடற எண்ணெய். இதுகூடத் தெரியாதுங்களா?" என்றார் மயில்சாமி.

"நான் எழுதியதும் எண்ணெய்தான்" என்றார் புலவர். "முறைப்படி பிரித்தால் எண்ணெய்தான் வரும். பிரிக்கத் தெரியாதவர் கையில் இயந்திரத்தை விட்டது நம் தவறு. பிலோமினா இந்த மாதத்தோடு நின்றுகொள்ளட்டும்."

பிலோமினாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பதினோரு வருடத்தில் அந்தக் கூடத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"வெண்ணெய்னு எழுதி ஒட்டிட்டு எண்ணெய்னு படிச்சிக்கோன்னா, நான் எந்தப் பள்ளிக்கூடத்துல போய்ப் படிக்கிறது? சந்தேகம்னு உங்ககிட்டதானே ஐயா வந்து நின்னேன்? தலையைத் தூக்கிப் பார்த்தீங்களா? இப்போ குத்தம் சொல்றதும் நீங்க, தீர்ப்பு எழுதுறதும் நீங்களா?"

தீர்ப்பை நாம் எழுதுவோம். மயில்சாமி அரைகுறையாக எழுதினார். இளவழுதி இலக்கணப்படி எழுதினார். பிலோமினா எழுதியபடி செய்தார். மூவரில் அந்தப் பெட்டியை நிறுத்தியவர் யார்?

விடை: புலவரின் புணர்ச்சியில் பிழையில்லை, இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கடிதம் வரும். ஆனால் பொருள் மயங்கும் இடத்தில் பிரித்து எழுதினால் எந்த இலக்கணமும் கோபித்துக்கொள்ளாது. மயில்சாமி மீதும் குற்றம் உண்டு: 'நல்ல' என்பது எண்ணெயின் பெயரல்ல, அதற்கு அவர் கொடுத்த நற்சான்று. அந்த அரைகுறையை ஒரே கேள்வியில் சரிசெய்திருக்கலாம். அந்தக் கேள்வி கேட்கப்படவும் செய்தது. இயந்திரத்தைப் பற்றிக் கேட்டதை எழுத்தைப் பற்றிக் கேட்டதாக எடுத்துக்கொண்ட இளவழுதியே பெட்டியை நிறுத்தியவர். மூவரில் சந்தேகப்பட்டவர் பிலோமினா ஒருவர்தான். அவரை வேலையை விட்டு அனுப்பினால், அடுத்து வருபவர் எதையும் கேட்க மாட்டார். அட்டையில் எது இருந்தாலும் போட்டுவிடுவார்.