வடிவின் படிப்பு மேசை

இலுப்பைக்குறிச்சியில் பொன்னுலிங்க ஆசாரியார் என்றோர் அடியார் இருந்தார். கலப்பை, கதவு, கட்டில்கால் என்று கைக்கு வந்ததைச் செய்து பிழைத்தவர். புது மரத்தில் இழைப்புளியை ஓட்டினால், முதலில் சுருண்டு விழும் சீவலை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்கு நடப்பார். அங்கே சிறுமி வடிவில், கையில் ஏடு ஏந்தி நிற்கிறாள் வாலையம்மன். பொருள் யாருக்கோ அவர் பெயரைச் சொல்லி, சீவலை அவள் திருவடியில் வைத்த பிறகே மறு இழைப்பு.

அவருடைய ஒரே மகள் வடிவு, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், "அப்பா, டிராயரு வச்ச மேசை செஞ்சு தாங்க" என்று கேட்டாள். வேப்பம்பலகை அறுத்து, அவள் பெயரைச் சொல்லிச் சீவலும் வைத்தார். பலகை காய்வதற்குள் காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. "விடாம கும்பிட்டீரே, இருந்த ஒத்தப் பிள்ளையையும் வாரிக்கிட்டாளே உம்ம அம்மன்" என்றது ஊர். நாக்கில் நரம்பில்லாத ஊர்! அடியாரோ, தொடங்கியதை விடக்கூடாது என்று பலகைகளை இழைத்து, ஓரத்தில் பள்ளமாகக் காடி வெட்டி அடிப்பலகை செருகி, இடமும் வலமுமாக இரண்டு இழுப்பறைகளை மேசையில் பொருத்தினார்.

அன்று தொட்டு இடப்பக்கத்து இழுப்பறை தானாகத் திறந்தது. பட்டப்பகலில், ஆள் தொடாமல், மெல்லக் கிரீச்சிட்டு வெளியே வரும். இழைத்துப் பார்த்தார், மெழுகு தேய்த்துப் பார்த்தார். மூடிய கை எடுப்பதற்குள் மறுபடி அதே ஓசை. "என்னால இதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியலை. யாருக்காச்சும் கொடுத்திருங்க" என்று மனைவி செண்பகம் கதறினார். ஒருவர் பெயரில் சீவல் வைத்த பொருளை இன்னொருவருக்குக் கொடுப்பது ஆசாரிமார் செய்யத் துணியாத காரியம். மனைவியின் கண்ணீருக்காக அதையும் செய்தார். அரிசி ஆலை நமச்சிவாயம் தம் மகளுக்கென்று வாங்கிப்போனார்.

போன வேகத்தில் மேசை திரும்பி வந்தது. "ஓய் ஆசாரி, எம்பொண்ணு சோறு தண்ணி இறங்காம கிடக்கா. உம்ம செத்த பிள்ளையை உள்ள வச்சா வித்தீரு?" என்று நமச்சிவாயம் தெருவில் நின்று கத்தினார்.

வசவு அடியாரைச் சுடவில்லை. என் குழந்தை போக்கிடம் இல்லாமல் அலைகிறாளோ என்ற நினைப்புத்தான் நெஞ்சை அறுத்தது. மேசையைத் தலையில் சுமந்து கோயிலுக்கு ஓடினார். "துக்க வீட்டுச் சாமானை உள்ள கொண்டாராதீரும்" என்று பூசாரி மறித்தார். வாசலிலேயே இறக்கி வைத்து, "தாயே, வடிவு உன்கிட்ட இருக்காளா, இல்லையா? அதை மட்டும் சொல்லு. இல்லேன்னாலும் உன்னை விடமாட்டேன்" என்று வாய்விட்டு அழுதார். இருட்டியதும் மேசையை அங்கேயே விட்டு வீடு திரும்பினார்.

விடிந்தது. மேசையை இன்னும் ஒருமுறை இழைத்துப் பார்க்கலாம் என்று உளியும் இழைப்புளியுமாகப் புறப்பட்ட அடியாரின் எதிரே, பூசாரி ஓடி வந்து காலில் விழுந்தார்.

"ஆசாரியாரே, அம்மன் கனவுல வந்தா. 'எதைடா துக்க வீட்டுச் சாமான்னே? நானும் வடிவும் படிக்கிற மேசை அது. வலது டிராயரு எனக்கு, இடது அவளுக்கு. பிள்ளைக இருக்கிற இடத்துல திறந்து மூடத்தான் செய்வோம். எங்க அப்பாகிட்ட இனி இழைக்க வேண்டாம்னு சொல்லு'ன்னா."

அடியார் கையிலிருந்த இழைப்புளி நழுவியது. "எங்க அப்பாவா? அப்படியா சொன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உலகத்தைப் பெற்றவள் தகப்பன் என்று உரிமை கொண்டாடிய பொன்னுலிங்கரின் தழும்பேறிய கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.