சீட்டுக்கு அடியில் கிடந்த மோட்டார்

"நாளைக்கு மக வர்றா, அம்மா. அவகிட்ட என்ன சொல்ல?" என்று கேட்டார் ராஜாங்கம்.

உலகம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த மடத்துக்கு அவள்தான் தலைமை. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. கேட்டவருக்கு அறுபதுக்கு மேல். மேல்மலையில் ஏலக்காய்த் தோட்டம், சொந்த ஜீப், பஞ்சாயத்தில் எடுபடுகிற வாய். அந்த வாய்க்குச் சொல் கிடைக்காமல்தான் காலையிலேயே மடத்துக்கு வந்திருந்தார்.

"என்ன கேப்பா?"

"அம்மா எப்படிச் செத்துச்சுன்னு கேப்பா."

அவர் மனைவி சீனித்தாய் போய் ஆறு மாதம். விடிகாலையில் நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரி அடிவாரத்தில், ஜீப் எடுக்கவில்லை, கட்டிலிலேயே உயிர் போய்விட்டது. ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான் சொல்லியிருந்தார். மகள் சுகந்தி அப்போது மஸ்கட்டில் நிறைமாதமாக இருந்தாள். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். போனில் அழுதாள். அழுததில் எதையும் கேட்கவில்லை. இப்போது கைக்குழந்தையோடு வருகிறாள். இனிமேல் கேட்பாள்.

"விதின்னு சொல்லலாம்னு இருக்கேன். அது விதிதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா எனக்குத் தெம்பா இருக்கும்."

உலகம்மை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே நடந்தாள்.

ஜீப் மடத்து வழியின் சரிவில், மூக்கைக் கீழே காட்டியபடி நின்றது. முன் டயருக்கு ஒரு கல் கொடுத்திருந்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் செத்துப்போன வண்டியை அந்த மலையில் எல்லோரும் இப்படித்தான் நிறுத்துவார்கள். கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். உருளும்போது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சாவியைத் திருப்பி வண்டி எடுப்பதெல்லாம் அங்கே புதுப் பணக்காரர்கள் செய்கிற வேலை. ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்தது, பேருக்கு.

உலகம்மை கையை உள்ளே விட்டுக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். கல்லைக் காலால் தட்டிவிட்டாள்.

ஜீப் சாவகாசமாக இறங்கிப் போய் மடத்து முற்றத்தின் நடுவில், மட்டமான மண்ணில், நின்றுவிட்டது.

ராஜாங்கம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். சமதளத்தில் கொண்டு நிறுத்தினால் இனி எப்படி எடுப்பது என்று கத்தினார். மடமாயிற்றே என்று பாதிக் கோபத்தை விழுங்கினார்.

"நான் தள்ளிவிடுறேன். நீங்க ஏறுங்க" என்றாள் உலகம்மை.

வண்டிக்குப் பின்னால் போனாள். இரண்டு கைகளையும் அதன் முதுகில் வைத்தாள்.

"கைய எடுங்க."

அவள் எடுக்கவில்லை.

"கைய எடுங்கன்னு சொல்றேன்ல."

அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து விழுந்தார் ராஜாங்கம். முதுகை வண்டியில் ஒட்டிக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அவள் தெரிந்துதான் செய்தாளா என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பேச்சு உண்டு. தெரியாமல்தான் செய்தாள் என்று எனக்குப் படுகிறது. தெரிந்து செய்யக்கூடிய காரியம் இல்லை அது.

ராஜாங்கம் சொல்லத் தொடங்கினார்.

சாவுக்கு முதல் நாள் நல்ல மழை. சீனித்தாய்க்கு முழங்கால் வலி. அவள் சேற்றில் நடந்து வர வேண்டாமே என்று வழக்கமாக நிறுத்தும் சரிவில் நிறுத்தாமல் வீட்டு வாசல்வரை ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். பாசத்தில் செய்ததுதான். விடிந்ததும் அவளுக்கு வலி வந்தது. தோட்டத்து ஆட்கள் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகத் தள்ளிப் பார்த்தார். கொஞ்ச தூரம் தள்ளினால் போதும், சரிவு வந்துவிடும். சேற்றில் சக்கரம் அசையவில்லை.

"எறங்குனா. நீங்க ஏறுங்க, நான் தள்ளுறேன்னா."

"நீங்க?"

"ஏறிட்டேன்."

உலகம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான, அம்மா. தள்ளுனா. வண்டி எறங்குச்சு, எஞ்சின் பிடிச்சிருச்சு. உடனே நிறுத்துனா அணஞ்சிருமேன்னு கொஞ்சம் கீழ போயி நின்னேன். ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே பாத்தேன். அவ வரல. ஹாரன் அடிச்சேன்."

வாயைப் பொத்திக்கொண்டார். விரலுக்குள்ளிருந்துதான் மிச்சம் வந்தது.

"வெரசா வாடின்னு ஹாரன் அடிச்சேன், அம்மா."

கட்டிலில் போய்ச் சேர்ந்தவளாக அவர் ஊருக்குச் சொன்ன சீனித்தாய், சேற்றில் குப்புற விழுந்து செத்தாள். அவரே தூக்கி, கழுவி, புடவை மாற்றிக் கட்டிலில் கிடத்தியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்.

முற்றத்தில் கோழி ஒன்று ஜீப்புக்கு அடியில் போய் நிழல் பார்த்து உட்கார்ந்தது.

"இன்னும் மாத்தலயா?" என்று கேட்டாள் உலகம்மை.

"எத?"

"செல்ஃப் மோட்டார."

பழைய வண்டி, எல்லாக் கடையிலும் கிடைக்காது என்று ஆரம்பித்தார் அவர். அலைய வேண்டும், ஆள் வைத்துத் தேட வேண்டும் என்றார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இருக்கு" என்றார் கடைசியில்.

"எங்க இருக்கு?"

"சீட்டுக்கு அடியில."

சீனித்தாய் நச்சரித்து வாங்க வைத்த மோட்டார் அது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாட்டிவிடலாம் என்றாள். எதற்கு, நானே மாட்டிவிடுவேன் என்றார். செய்யக்கூடியவர்தான். தோட்டத்து மோட்டார் பம்பையெல்லாம் அவரே பிரித்துப் பூட்டுவார். காய் பறிப்பு முடியட்டும் என்றார். மழை விடட்டும் என்றார். மலை பூரா எறக்கமாக் கெடக்கு, மோட்டார் எதுக்குடி என்று சிரித்தார். அவளும் சிரித்துத் தொலைத்தாள். சாக்கில் சுற்றிய மோட்டார் பின் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது.

அவள் தள்ளிய அன்றைக்கும் அது வண்டிக்குள்தான் இருந்தது. அதன் எடையையும் சேர்த்துத்தான் தள்ளினாள்.

"மாட்டுங்க" என்றாள் உலகம்மை.

"இப்பவா?"

"நானே மாட்டுவேன்னுதான சொன்னீங்க."

அவர் சட்டையைக் கழற்றினார். பின் சீட்டுக்கு அடியிலிருந்து மோட்டாரையும் ஸ்பேனரையும் எடுத்து வெளியே வைத்தார். பேட்டரி வயரை எடுத்துவிட்டார். கோழியை விரட்டிவிட்டு, சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார்.

தடித்த வயர் சுலபமாகக் கழன்றது. மெல்லிய வயரும் வந்தது. கீழே இருந்த போல்ட்டும் அவ்வளவாக மல்லுக்கட்டவில்லை. மேலே இருந்ததுதான் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது. விரலால் தடவித்தான் அதன் தலையைக் கண்டுபிடிக்க வேண்டும். துருப்பிடித்துப் போயிருந்தது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டித் தோல் உரிந்தது. மண்ணெண்ணெய் கேட்டார். உலகம்மை கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி மொச்சை முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊற்றிவிட்டு ஊறட்டும் என்று அவர் அடியிலேயே கிடந்தார்.

பிறகு அவர் பல்லைக் கடித்து ஒரு திருகு திருகினார். போல்ட் விட்டது. பழைய மோட்டார் சரிந்து அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

அதை இறக்கி வைக்காமல் அவர் அப்படியே கிடந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள்தான். அவை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. உலகம்மை அவற்றைப் பார்த்தாள். எழுந்து போய் உதவவில்லை.

வெகுநேரம் கழித்துப் பழையது வெளியே உருண்டு வந்தது. புதியது உள்ளே போனது. உட்கார வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்தார். இரண்டு தடவை சரியாக உட்காரவில்லை, மூன்றாவது தடவை உட்கார்ந்தது. மேல் போல்ட், கீழ் போல்ட், வயர்கள், பேட்டரி. முடிந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே திருப்பில் எடுத்தது.

அணைத்தார். மறுபடி திருப்பினார். எடுத்தது. மறுபடி அணைத்தார், மறுபடி திருப்பினார், மறுபடி எடுத்தது. ஒரு தடவையாவது எடுக்காமல் போகாதா என்று அந்த மனிதர் ஏங்குவது போலிருந்தது. வண்டி அந்த இரக்கத்தைக் காட்டவில்லை.

கடைசியாக அணைத்துவிட்டு இறங்கினார். அடுப்படியில் சோறு கொதிக்கும் வாசனை வந்தது. சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை.

"மககிட்ட என்னம்மா சொல்ல?" என்று கேட்டார். இந்த முறை விதியைப் பற்றிப் பேசவில்லை.

"மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.

"காலையில ஆரம்பிச்சது. இன்னும் மத்தியானம் ஆகல. அரை நாள் வேலகூட இல்ல."

"அதச் சொல்லுங்க" என்றாள் உலகம்மை.